பிரவுன் பெல்ட் வாத்தியாரும் பின்னே ஒரு குதிகாலும்

காலைல 4.50க்கு அலாரம். அஞ்சேகாலுக்குப் பையை மாட்டிக்கிட்டு இறங்கினா, எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்துகிட்டே ஒரு நாள் கேட்டார், "என்ன சார், ஷிப்ட் மாத்திட்டாங்களா?"

"இல்லண்ணே, கராத்தே கிளாஸ்."

ஏற இறங்கப் பார்த்தார். தொப்பை கிட்ட பார்வை கொஞ்சம் கூடுதலா நின்ன மாதிரி எனக்கு ஒரு டவுட்டு. அப்புறம் அவர் எதுவும் கேக்கிறதில்ல :-)

படிச்சது மெக்கானிக்கல். பொழப்புக்கு ஆறு வருஷமா பொட்டி தட்டுறேன். காலேஜ் மூணாம் வருஷத்துல, தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டப மொட்டை மாடியில ஆரம்பிச்ச கராத்தேக்கு எட்டு வருஷம் ஆச்சு. அப்போ பிளாக் பெல்ட்டான்னு கேக்காதீங்க, பிரவுன்தான். போன வருஷம் டெஸ்ட்டுக்குப் போய் நல்லா பல்பு வாங்கிட்டு வந்தேன். காரணம் ஒண்ணே ஒண்ணு. குத்து விடும்போது என் பின்கால் குதிகால் தரையை விட்டுத் தூக்குது.

தூக்கினா என்னய்யாங்கிறீங்களா? கராத்தேல குத்து கையில ஆரம்பிக்கிறதில்ல. பின்கால் தரையை அழுத்தணும், அந்த விசை இடுப்புல சுத்தி, தோளுக்கு வந்து, கடைசியாத்தான் முஷ்டிக்கு வரும். குதிகால் தூக்கிட்டா ஆரம்பத்துலயே லீக். மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இது புரியாம இல்ல. எனக்குப் புரியுது, குதிகாலுக்குத்தான் புரிய மாட்டேங்குது.

இப்படிப் போய்க்கிட்டிருந்த வாழ்க்கையில, இந்த வருஷ ஆரம்பத்துல மேனேஜர் கூப்பிட்டார். "காலேஜ்ல இருந்து புது பேட்ச் வருது. நீதான் நல்லா பேசுவியே, மூணு மாசம் ஜாவா எடு." 32 பேர். காலைல 9 மணியிலிருந்து சாயங்காலம் 6 வரைக்கும். வாத்தியார் வேலைன்னா ஜாலியா இருக்கும்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் பாடம் எடுக்க ரெண்டு மணி நேரம் உக்காந்து தயார் பண்ணணும்னு முதல் வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. நாம எழுதின கோட் ஓடலைன்னா கம்ப்யூட்டரைத் திட்டலாம். நாம சொல்லி ஒருத்தருக்குப் புரியலைன்னா யாரைத் திட்டறது?

நேரம் பத்தல. முதல்ல வெட்டினது கராத்தே. வாரம் மூணு நாள், 5.30லிருந்து 7 வரைக்கும் கிளாஸ். "ஆபீஸ்ல ஆணி அதிகம் மாஸ்டர், பேட்ச் முடிஞ்சதும் வந்துடறேன்"னு மெசேஜ் அனுப்பினேன். "சரி தம்பி"ன்னு பதில் வந்துது. அவ்ளோதான். ஆறு வாரம் போகல. அந்த நேரத்தையெல்லாம் பாடம் தயார் பண்ணவா செலவழிச்சேன்னு மட்டும் கேட்டுடாதீங்க. பாதி தூக்கத்துல போச்சு, மீதி போனைத் தடவிக்கிட்டே போச்சு.

ஆறாவது வாரம் அது நடந்துது.

பேட்ச்ல ஒரு பையன். திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். வாயைத் திறந்து சந்தேகம் கேக்கவே மாட்டார். முதல் டெஸ்ட்ல ஏற்கெனவே பெயில். ரெண்டாவதுலயும் பெயிலானா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அன்னிக்கு ரிகர்ஷன் எடுத்துக்கிட்டிருந்தேன். மூணு தடவை சொல்லியாச்சு. அவரை எழுப்பிக் கேட்டேன், பேசாம நின்னார். முந்தின நாள் ராத்திரி சரியாத் தூங்கல, தலை வேற வலிச்சுது... சரி விடுங்க, சாக்கு எதுக்கு.

"ஏங்க, இதுகூடத் தெரியாம எப்படிங்க இண்டர்வியூ கிளியர் பண்ணீங்க?"

கிளாஸே சிரிச்சுது. நானும் லேசா சிரிச்சேன். கேட்டதை விட அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துது.

மறுநாள் அவர் வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. போன் பண்ணா எடுக்கல. அவங்க வீட்டுல முதல் மாசச் சம்பளம் வாங்குற முதல் ஆள் அவர்தான்னு பக்கத்துல உக்கார்ற பொண்ணு சொல்லுச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நாலரைக்கு எழுந்து உக்காந்தவன், வேற என்ன பண்றதுன்னு தெரியாம கராத்தே பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

மாஸ்டர் ஒண்ணும் கேக்கல. "வரிசையில நில்லு தம்பி"ன்னார். முதல் குத்து.

"தம்பி, குதிகால்."

அன்னிக்கு என்னமோ தோணி எண்ணிக்கிட்டே வந்தேன். ஒன்றரை மணி நேரத்துல பதினாலு தடவை "தம்பி, குதிகால்". முதல் தடவை எந்தக் குரல்ல சொன்னாரோ, பதினாலாவது தடவையும் அதே குரல்தான். எட்டு வருஷமா அதே குரல். என் பக்கத்து வரிசையில பத்து வயசு வாண்டுகள் எல்லாம் நிக்குதுங்க. அதுங்க முன்னாடி "எட்டு வருஷமா இதுகூட வரல, நீயெல்லாம் எப்படிப்பா பிரவுன் பெல்ட் வாங்கினே?"ன்னு அவர் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா? அத்தோட ஓடியிருப்பேன். கண்டிப்பா.

எங்க கிளாஸ் முடியும்போது மண்டி போட்டு உக்காந்து டோஜோ குன்னு அஞ்சு விதி சொல்லுவோம். அஞ்சையும் ஜப்பானிய மொழியில 'ஒன்று'ன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும், எல்லாமே சமம்கிறதுக்காக. கடைசி விதி, ரத்தக் கொதிப்புல வர்ற வேகத்தை அடக்கச் சொல்றது. ரோட்டுல யாரையும் கை நீட்டாதேன்னு அர்த்தம் போலன்னு எட்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். கை நீட்டாமலேயே ஒருத்தரை அடிச்சிருக்கேன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

சனிக்கிழமை போனை எடுத்தார். திங்கட்கிழமை வந்தார். எல்லார் முன்னாடியும் சொன்ன வார்த்தைக்கு எல்லார் முன்னாடியும்தானே மன்னிப்புக் கேக்கணும்? கேட்டேன். "பரவால்ல சார்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டார். சினிமா மாதிரி யாரும் கைதட்டல.

நடுவுல கிடைச்ச ஞாயித்துக்கிழமைல ஃபுனாகோஷியோட சுயசரிதையைத் திரும்ப எடுத்தேன். ஷோட்டோகான் கராத்தேக்கு மூலவர். 1868ல ஒகினாவாவுல பொறந்தவர். 1888லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல அவருக்குச் சோறு போட்டது பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பகல்ல பிள்ளைங்களுக்குப் பாடம், ராத்திரி விளக்கை எடுத்துக்கிட்டு குரு அஸாடோ வீட்டுக்கு நடை. அப்பல்லாம் கராத்தேயை ரகசியமாத்தான் பழகணும். விடியிற நேரத்துல வீடு திரும்புறவரைப் பார்த்து, ஆள் எங்கேயோ தப்பான இடத்துக்குப் போயிட்டு வர்றார்னு அக்கம்பக்கத்துல பேசிக்கிட்டாங்களாம். எங்க வாட்ச்மேன் அண்ணன் எவ்வளவோ தேவலை! 'டெக்கி'ன்னு மூணு கட்டா இருக்கு. அந்த மூணைப் பழகவே அவருக்குப் பத்து வருஷம் ஆயிருக்கு. 1922ல, ஐம்பது தாண்டின வயசுல, கராத்தேயைக் காட்ட டோக்கியோ போனவர் அங்கேயே தங்கிட்டார். ஆரம்பத்துல ஒரு மாணவர் விடுதியில பெருக்கித் துடைக்கிற வேலையும் பார்த்தார்.

அவரோட இன்னொரு குரு இடோசு. 1901 வாக்குல கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர். பிள்ளைங்களுக்குப் பழைய கட்டாவெல்லாம் கஷ்டம்னு, அவங்களுக்குன்னே அஞ்சு கட்டா அமைச்சார். 'ஹெய்யான்'னு பேர் மாறி, இன்னிக்கு எங்க மொட்டை மாடி வாண்டுகள் பண்றதும் அதுதான். அவர் பசங்களுக்குத் தெரியலைன்னு திட்டல, பாடத்தை மாத்தியிருக்கார்.

நானும் ஸ்லைடைத் தூக்கிப் போட்டேன். ரேஷன் கடை க்யூவுல நிக்கிறீங்க, நீங்க எத்தனையாவது ஆள்னு தெரியணும். முன்னாடி நிக்கிறவர்கிட்ட "அண்ணே, நீங்க எத்தனாவது?"ன்னு கேக்கணும். அவர் அவருக்கு முன்னாடி ஆள்கிட்ட கேப்பார். இப்படியே போய், முதல் ஆள் "நான்தான் ஒண்ணு"ம்பார். பதில் ஒவ்வொண்ணாக் கூடிக் கூடித் திரும்பி வரும். இதாங்க ரிகர்ஷன்னேன்.

கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அந்தப் பையன் என் மேஜை கிட்ட வந்தார். "சார், க்யூவுல முதல் ஆளே இல்லாம போய்ட்டா?"

"அதுக்குப் பேருதாங்க ஸ்டாக் ஓவர்ஃப்ளோ"ன்னேன். எவ்ளோ அருமையான கேள்வி! ஆறு வாரமா அவர்கிட்ட கேள்வி இல்லாம இல்ல, கேக்க தைரியம் வர்ற மாதிரி நான்தான் நடந்துக்கல.

ரெண்டாவது டெஸ்ட்ல பார்டர்ல பாஸ் பண்ணிட்டார். இப்ப ஒரு புராஜெக்ட்ல இருக்கார்.

அதுக்கப்புறம் எவ்ளோ ஆணி இருந்தாலும் காலை கிளாஸை வெட்டறதில்ல. பெரிய வைராக்கியம் எல்லாம் கிடையாது. பையை முந்தின ராத்திரியே கதவுகிட்ட வெச்சுடறது, பத்து மணிக்குப் போனை ஹால்ல விட்டுட்டுப் படுத்துடறது, இந்த ரெண்டுதான். தினமும் போறேன்னு வீராப்பா ஆரம்பிச்சப்பல்லாம் ரெண்டாவது வாரமே புட்டுக்கிச்சு, அதனால அதே வாரம் மூணு நாள்தான். காலைல தப்புப் பண்ற மாணவனா நின்னுட்டு வந்தா, பகல்ல தப்புப் பண்றவங்க முன்னாடி நிக்கிறது கொஞ்சம் சுலபமா இருக்கு. அம்மா மட்டும் போன்ல, "கல்யாணம் ஆகவேண்டிய வயசுல என்னடா அடிதடி?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதுக்கு இன்னும் ஒரு கட்டாவும் கண்டுபிடிக்கல.

அடுத்த பேட்ச் வருது, 40 பேராம். டிசம்பர்ல மறுபடி பிளாக் பெல்ட் டெஸ்ட். நேத்து எண்ணினேன், ஒன்பது தடவை "தம்பி, குதிகால்".

பதினாலுக்கு ஒன்பது பரவால்லதானே?

டிஸ்கி: டெக்கி கட்டாவுல இடமும் வலமுமா ஒரே கோட்டுல நகர்ந்தாப் போதும், குறுகலான இடத்துலயும் பண்ணலாம். அதை நம்பி மத்தியானம் ஆபீஸ் ஃபயர் ஸ்டேர்கேஸ்ல பழகினேன். செக்யூரிட்டி அண்ணன் பார்த்துட்டு, "சார், யார் கூட சண்டை? சொல்லுங்க, பேசித் தீத்துக்கலாம்"ங்கிறார். அவ்வ்வ்வ்...