ஆய்வுக்குப் பொருளுதவி: கல்வியியலாளன் ஒருவனின் சில எண்ணங்கள்

ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்டதும் எமது மனத்தில் எழுவன நூலகமும் ஏட்டுச் சுவடியும் ஆய்வுகூடமுமே. பணம் என்னும் சொல் அவ்விடத்தில் எழுவதில்லை. அறிவுத் தேட்டத்தையும் பொருள் தேட்டத்தையும் ஒருங்கு வைத்துப் பேசுதல் தகாது என்று கருதும் மரபு எம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஆயினும், கல்வியியல் துறையிலே பல்லாண்டுகள் விரிவுரையாளனாகப் பணியாற்றிய எனக்கு ஓர் உண்மை தெளிவாகியுள்ளது. எந்த வினா ஆராயப்படுகின்றது, எந்த வினா எவராலும் தீண்டப்படாமற் கிடக்கின்றது என்பதைத் தீர்மானிப்பதில் பொருளுதவிக்குள்ள பங்கு மிகப் பெரிது. இதனை மாணவரும் இளம் விரிவுரையாளரும் காலத்தோடு அறிந்திருத்தல் நன்று என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கல்வியியல் ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. நுணுக்குக்காட்டியும் இரசாயனப் பொருள்களும் வேண்டாத துறைக்கு மானியம் எதற்கு என்று நிருவாகத்தினர் வினவுவதை நானே கேட்டிருக்கின்றேன். எமது ஆய்வுகூடம் பாடசாலையாகும். அது ஓரிடத்தில் இல்லை. மலைச்சரிவிலும் வன்னிக் காட்டோரத்திலும் தீவகத்திலும் சிதறிக் கிடக்கின்றது. அங்கு சென்று தங்கவேண்டும். ஒரு தடவையன்று, பல தடவை செல்லவேண்டும். ஒரு மணி நேர உரையாடலை ஒலிப்பதிவு செய்தால் அதனை எழுத்தில் வடிக்க ஐந்தாறு மணி நேரமாவது செல்லும். இவற்றுக்கெல்லாம் மேலாக விரிவுரையாளனுக்கு ஓய்வு நேரம் வேண்டும். வார நாள்களில் உள்வாரி மாணவர்க்கு விரிவுரை, வார இறுதியில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயிலும் ஆசிரியர்களுக்கு விரிவுரை, இடையிலே விடைத்தாள் மதிப்பீடு என்று நாள்கள் கழியும் ஒருவனுக்கு, மானியம் என்பது உண்மையில் விலைக்கு வாங்கப்பட்ட நேரமே.

இந்நாட்டிலே ஆராய்ச்சிக்கு நிதி வழங்கவெனத் தோன்றிய நிறுவனங்களின் பெயர்களை நோக்கினாலே கல்வியியலின் நிலை ஓரளவு புலப்படும். 1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவை அமைக்கப்பட்டது. 1981இல் அதன் இடத்தை இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபை பெற்றது. 1998 முதல் தேசிய விஞ்ஞான மன்றம் இயங்கி வருகின்றது. 1999இல் தேசிய ஆராய்ச்சிப் பேரவை உருவாயிற்று. இவற்றின் முதன்மை நோக்கு இயற்கை விஞ்ஞானமும் தொழினுட்பமுமே. அது குறையன்று, அவை அதற்காகவே தோன்றியவை. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்வழிப் பிறந்த ஆணைக்குழுவின் பெயரிலே மானியங்கள் என்னும் சொல் இருக்கின்றது. ஆயினும் அம்மானியத்தின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் அன்றாட நிருவாகத்துக்கும் உரியது. மானுடவியல், சமூக விஞ்ஞானத் துறைகளின் விரிவுரையாளருக்கு உதவவென 2005இல் உயர் கற்கைகளுக்கான தேசிய நிலையம் நிறுவப்பட்டபோது எம்போன்றோர் பெரிதும் மகிழ்ந்தோம். பட்டப்பின் படிப்பை முடிக்க அந்நிலையத்தின் உதவி பலருக்குக் கைகொடுத்தது. எனினும் நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்குமாகச் செலவிடும் மொத்தத் தொகையே மொத்த உள்நாட்டு உற்பத்தியின் நூற்றுக்கு 0.1 வீத அளவிலே நிற்கையில், அதனுள் கல்வியியலுக்கு எஞ்சுவது எவ்வளவாக இருக்க முடியும்?

இதனாலேயே எமது கண்கள் கடலுக்கு அப்பால் திரும்பின. இலங்கைக்கும் அமெரிக்காவுக்குமிடையே புல்பிறைற் ஆணைக்குழு 1952இல் தோன்றியது. பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959இல் வகுக்கப்பட்டது. வளர்முக நாடுகளின் பிரச்சினைகளை அந்நாடுகளின் ஆய்வாளரே ஆராய்வதற்கு உதவவேண்டும் என்னும் நோக்குடன் கனடாவின் பாராளுமன்றம் 1970இல் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. கல்வி ஆராய்ச்சி ஒன்றையே தன் முழுப் பணியாகக் கொண்ட ஸ்பென்சர் அறநிலையம் சிக்காகோ நகரிலிருந்து 1971 முதல் மானியம் வழங்கி வருகின்றது. பாடசாலைச் சோதனைகளையும் வாசிப்புச் சாதனங்களையும் வெளியிட்டுப் பொருளீட்டிய லைல் ஸ்பென்சர் என்பாரின் செல்வம் அது. பள்ளிக்கூடத்தால் வந்த பணம் பள்ளிக்கூட ஆய்வுக்கே திரும்பியமை எனக்கு எப்பொழுதும் உவப்பான செய்தி. அதன் சிறு மானியம் 50,000 டொலர் வரை செல்லும், பிறநாட்டாரும் விண்ணப்பிக்கலாம். உள்நாட்டிலோ உலக வங்கியின் உதவியுடன் 2003இலும் 2010இலும் 2017இலும் தொடங்கிய மூன்று உயர்கல்வித் திட்டங்கள் போட்டி அடிப்படையிலான மானியத்தை எமது பல்கலைக்கழகங்களுக்கு அறிமுகப்படுத்தின. அவற்றுள் இறுதியானது 100 மில்லியன் டொலர் பெறுமதியானது. அத்திட்டமும் முடிவுற்றுவிட்டது.

வாய்ப்புகளே இல்லை என்று இனி எவரும் கூற இயலாது. இடர்ப்பாடு வேறோரிடத்தில் இருக்கின்றது. அதனை என் அனுபவமொன்றைக் கொண்டு விளக்குதல் பொருந்தும்.

மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரிய மாணவரின் கற்பித்தற் பயிற்சியை மேற்பார்வை செய்யச் சென்றிருந்தேன். இரண்டாம் வகுப்பிலே நீரைப் பற்றிய பாடம். எமக்கு நீர் எங்கிருந்து கிடைக்கின்றது என்று ஆசிரியை வினவினார். முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, “பீலியிலிருந்து, டீச்சர்” என்றாள். மலையிலிருந்து வழியும் நீரைக் குழாய் வைத்து இறக்கி, லயத்தார் யாவரும் பிடித்துக் குளித்துக் குடிக்கும் இடமே பீலி. அச்சிறுமியின் விடையிலே குறையேதுமில்லை. ஆனால் ஆசிரியை எதிர்பார்த்த விடை கிணறு. பாடநூற் படத்திலே துலாவும் கிணறும் வேலியும் பனையும் இருந்தன. ஆசிரியை வடபகுதியைச் சேர்ந்தவர், நல்லவர், பீலி என்னும் சொல்லை அவர் அதற்கு முன்னர் கேட்டிருக்கவில்லை. “கிணறு என்று சொல்லுங்கோ பிள்ளை” என்றார். சிறுமி அவ்வாறே சொல்லிவிட்டு அமர்ந்தாள். பாடம் முடியும்வரை அவள் மீண்டும் வாய் திறக்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலேதான் கற்பிக்கின்றோம். ஆதலால் மொழிப் பிரச்சினை அங்கு இல்லை என்று நாம் எண்ணியிருக்கின்றோம். வீட்டுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடைப்பட்ட தூரம் எத்தனை பிள்ளைகளின் வாயை முதலிரு வகுப்புகளிலேயே அடைக்கின்றது? இவ்வினாவை ஐந்தாறு தோட்டப் பாடசாலைகளில் ஓராண்டு இருந்து ஆராயவேண்டுமென விரும்பினேன். தோட்டப் பாடசாலைகள் 1970களிலே அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. பின்னர் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மனிய உதவியுடன் பத்தனையிலே ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. கட்டடமும் ஆசிரியரும் வந்த பின்னரும் பிள்ளை பேசாதிருந்தால் அதன் காரணத்தை யாராவது கேட்டாக வேண்டுமல்லவா?

அக்காலத்தில் வெளிநாட்டு உதவியுடன் இயங்கிய நிதியமொன்று விண்ணப்பம் கோரியிருந்தது. இருபத்தேழு பக்கப் படிவம், முழுவதும் ஆங்கிலத்தில். பீலிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் எழுத முயன்றபோது ஆய்வின் உயிரே அதனுள் ஒடுங்கிப் போவதை உணர்ந்தேன். இரண்டும் நீர் பெறும் இடங்கள். ஆங்கில வாசகனுக்கு அதிலென்ன பிணக்கு? மூன்று மாதங்களின் பின் மறுமொழி வந்தது. ஆய்வு பயனுடையதுதான், ஆனால் மாதிரி சிறிது, பெறுபேறு அளவிடத்தக்கதாக இல்லை, தொழிற்சந்தைக்கு வேண்டிய திறன்களோடு தொடர்புபடுத்தி, கணினிவழிக் கற்றலையும் சேர்த்துத் திருத்தி அனுப்பினால் ஆலோசிக்கலாம் என்பது அதன் சாரம். மதிப்பிட்டவர் பகைமையோடு எழுதியிருக்கவில்லை. அந்நிதியம் எந்நோக்கத்துக்காக அமைந்ததோ அந்நோக்கத்தையே அவர் பேணினார்.

அன்றிரவு நீண்டநேரம் சிந்தித்தேன். திருத்தியிருந்தால் பணம் கிடைத்திருக்கும். பதவி உயர்வுக்கான புள்ளிகளும் சேர்ந்திருக்கும். ஏழு வயதுச் சிறுமியின் மௌனத்துக்கும் தொழிற்சந்தைக்கும் பாலம் போடுவதும் எழுத்துவன்மை உடையாருக்கு அரிதன்று. ஆனால் அப்பாலத்தின்மீது நடந்து நான் சேரும் கரை நான் புறப்பட எண்ணிய கரையாக இராது. விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டேன். பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வு நிதியிலிருந்து கிடைத்த தொகையோடு, ஐந்து பாடசாலைகளை இரண்டாக்கி, ஓராண்டை இரு தவணைகளாக்கி, இரு பழைய மாணவரின் துணையுடன் அவ்வேலையைச் செய்தேன். ஹற்றனுக்கு அதிகாலைப் பேருந்தில் சென்று மாலையில் திரும்பினோம். பிள்ளைகள் வீட்டில் வழங்கும் சொற்களை ஆசிரியர் முதலில் ஏற்றுக்கொண்டு, அதன்பின் பாடநூற் சொல்லை அறிமுகப்படுத்திய வகுப்புகளிலே பேச்சு பெருகியதைக் கண்டோம். இரண்டு பாடசாலைகளைக் கொண்டு நாட்டுக்கு விதி கூற முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் அவ்விரு பாடசாலைகளின் ஆசிரியர்களும் அவ்வறிக்கையைத் தமிழில் வாசித்தார்கள், விவாதித்தார்கள். நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில் எதற்கும் அப்பேறு வாய்த்ததில்லை.

இனி, பணம் கிடைத்தவர்க்கும் வழி எளிதன்று என்பதைக் கூறவேண்டும். அரசின் நிதியாண்டு தை முதல் மார்கழி வரை. அங்கீகாரம் சித்திரையில் வரும். முதற்பணம் ஆவணியில் வரும். செலவிடப்படாத தொகையை மார்கழியில் திருப்பவேண்டும். அம்மாதம் பாடசாலைகள் விடுமுறையில் இருக்கும். மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அனுமதி, வலயத்தின் அனுமதி, ஒலிப்பதிவுக் கருவிக்கு மூன்று விலைமனு என்று நாள்கள் போகும். 2022ஆம் ஆண்டிலோ வேறொரு பாடம் கற்றோம். ஒரு டொலரின் விலை சில வாரங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன. ரூபாவில் அங்கீகரிக்கப்பட்ட மானியங்கள் கையிலிருக்கவே கரைந்தன.

ஆகவே வேண்டுவது யாது? 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதங்களுக்கு மேலாகப் பணிப்புறக்கணிப்புச் செய்து, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் வேண்டுமெனக் கோரியது. 2015இல் யுனெஸ்கோ முன்னின்று கூட்டிய இஞ்சியோன் மாநாடும் 4 முதல் 6 வீதம் வரை என்றே பிரகடனஞ் செய்தது. அக்கோரிக்கை இன்றும் நியாயமானது. ஆனால் அது நிறைவேறும்வரை காத்திராமல், எமது பீடங்களே செய்யத்தக்கன சில உள. சிறு தொகையாயினும் ஈராண்டு தொடரும் மானியங்களை வழங்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பத்தை ஏற்கலாம். கலைப்பாடங்களைத் தாய்மொழியில் 1960 முதல் கற்பித்துவரும் பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய காரியமன்று. பாடசாலை ஆசிரியரை ஆய்வின் பங்காளராக ஏற்று, அவர்களுடைய பயணச் செலவையும் மதிப்பீட்டிற் சேர்க்கலாம். தமிழில் வெளிவரும் ஆய்வறிக்கைக்கும் பதவி உயர்வில் உரிய மதிப்பை அளிக்கலாம்.

இளம் நண்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றேன். அறிவிப்புப் பலகையில் வரும் மானிய அறிவித்தலை வாசிக்கு முன்னர், உங்கள் வினாவை ஒரு தாளில் இரண்டு வரியில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்பு அறிவித்தலை வாசியுங்கள். வினாவின் சொற்களை மாற்றவேண்டி வந்தால் மாற்றுங்கள், அதிலே இழிவில்லை. கொடுப்போரின் மொழியில் பேசுதல் கேட்போர்க்கு இயல்பு. வினாவையே மாற்றவேண்டி வந்தால் அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அப்பணம் உங்களுக்குரியதா, பிறிதொரு நல்ல ஆய்வாளனுக்குரியதா என்பது அப்பொழுது விளங்கும்.

இலவசக் கல்விக்கு அடிகோலிய விசேட குழு, கன்னங்கராவின் தலைமையில் 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டுப் பிள்ளைகளின் நிலையை இந்நாட்டிலேயே கேட்டறிந்து எழுதிய அறிக்கை அது. எம்மில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தது அதன் பயனாகவே. எமது பிள்ளைகளைப் பற்றிய வினாக்களை நாமே வகுத்து, அவற்றுக்கு விடை காண வேண்டிய சிறு பொருளையாவது நாமே தேடிக்கொள்ளுதல் அக்கடனை இறுக்கும் வழிகளுள் ஒன்றாகும்.