கட்டியக்காரனுக்கு முதல் ராத்திரி

கூத்து என்று சொன்னதும் பட்டணத்து நண்பர்கள் கேட்பதெல்லாம் கர்ணனையும் துரியோதனனையும்தான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிறுகிறுவென்று சுற்றி ஆடும் கிறிக்கி. போட்டோ எடுக்கிறவர்களும் அவர்களைத்தான் எடுக்கிறார்கள். கட்டியக்காரனை யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அவனைப் பற்றி.

கட்டியம் கூறுவது என்றால் ராஜா வருகிறார் என்று பட்டப்பெயர்களை அடுக்கிச் சொல்வது. அதைச் சொல்கிறவன் கட்டியக்காரன். ஆனால் கூத்தில் அவன் வேலை அதோடு முடிவதில்லை. கடவுள் வாழ்த்து முடிந்ததும் முதலில் வருகிறவன் அவன்தான். தலையில் கூம்புத் தொப்பி, முகத்தில் வெள்ளை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, காலில் சலங்கை. இன்றைக்கு என்ன கூத்து, எந்த ஊரார் நடத்துகிறார்கள் என்று சொல்லுவான். திரைக்குப் பின்னால் நின்று ஆடுகிற ராஜாவைப் பார்த்து, "யாருய்யா நீ, எங்க வந்த?" என்று கேட்பான். ராஜா பாட்டாகச் சொல்வதை நமக்குப் பேச்சாகச் சொல்லுவான். அப்புறம் விடிய விடிய அவனே வாயிற்காவலன், அவனே தூதன், அவனே சேவகன். ராஜா துவாபர யுகத்தில் இருப்பார். கட்டியக்காரன் மட்டும் நம்மோடு இந்த வருஷத்தில் இருப்பான். டீசல் விலையும் பேசுவான், ஏரி மதகு ஒழுகுவதையும் பேசுவான்.

தெற்கே மதுரைப் பக்கம் இசை நாடகத்தில் இதே ஆளை பபூன் என்பார்கள். சமஸ்கிருத நாடகத்தில் விதூஷகன். சர்க்கஸில் ஜோக்கர். எல்லோரும் ஒரே குலம்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில், அதாவது 2019-ல் காஞ்சிபுரத்தில் இருந்து பிரித்த இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில், திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊரில் எல்லாம் பாரதம் நடக்கும். நவரை அறுப்பு முடிந்து கையில் நாலு காசு இருக்கும் நேரம். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நாளுக்கு ஒன்றாகப் போய், கடைசியில் படுகளம், தீமிதி. மாமல்லபுரத்தில் கல்லில் அர்ச்சுனன் தபசு பார்க்க வருகிறீர்களே, அந்தத் தபசை நாங்கள் ராத்திரியில் மரம் நட்டு, அர்ச்சுனன் வேஷக்காரரை மேலே ஏற்றிப் பார்க்கிறோம்.

அந்தக் கல்லில் இன்னொன்றையும் பாருங்கள். கீழே ஒரு பூனை, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு தவம் செய்யும். சுற்றிலும் எலிகள். அவ்வளவு பெரிய தபசுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கிண்டலையும் செதுக்கி வைத்திருக்கிறான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது, தபசு என்று இருந்தால் பக்கத்தில் ஒரு கட்டியக்காரன் வேண்டும் என்று. என் கணக்கில் அந்தப் பூனைதான் எங்கள் ஜில்லாவின் முதல் கட்டியக்காரன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் செட்டில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆடிய கால். முட்டி தேய்ந்து போய், டாக்டர் ஆடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்து யார்? ஒரு பையனும் வரவில்லை. எல்லோருக்கும் அர்ச்சுனன் வேண்டும், கர்ணன் வேண்டும். கிரீடம் வைத்தால் போட்டோ நன்றாக இருக்கும். கூம்புத் தொப்பி யாருக்கு வேண்டும்?

கடைசியில் எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் சரி என்றான். இருபத்து மூன்று வயசு. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, ஆறு மாசம் வாத்தியார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் அடவு பழகினான். அவனும் முதலில் கேட்டது அபிமன்யு வேஷம்தான். வாத்தியார் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு வாய் இருக்குது, நீ தொப்பி போடு" என்றார்.

அவன் அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதிலும் ஞாயம் இருக்கிறது. புருஷன் இல்லாமல், அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிள்ளையை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தவள். என்னிடம் வந்து, "இன்னா மாமா, நீங்க கூட சொல்லக் கூடாதா? கம்பெனில நிரந்தரம் ஆவணும், ஒரு பொண்ணு பாக்கணும். கோமாளின்னு பேர் வந்துட்டா யாரு மாமா பொண்ணு குடுப்பாங்க?" என்றாள். கர்ணன் வேஷம் கட்டியவனை ஊர் கர்ணன் என்றே கூப்பிடும், அதில் ஒரு பெருமை. கட்டியக்காரனை டீக்கடையில் பார்த்தால் கூட, "எங்க, ஒண்ணு சொல்லு" என்பான். அவள் பயம் அதுதான். நான் என்ன சொல்வது? அவனிடமே பேசு என்று அனுப்பினேன். அவன் கேட்கவில்லை.

முதல் மேடை பகடை துகில் அன்றைக்கு. மேடை என்று சொன்னாலும் மேடை ஏது? கோயில் முன்னால் மண்தரை, நாலு கழி, ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம். முதல் வரிசையில் கிழவிகளும் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைகளும். கடைசியில் பைக் மேல் உட்கார்ந்த பையன்கள். அதற்கும் பின்னால், இருட்டில், குடித்துவிட்டு வந்தவர்கள்.

அன்றைக்கு நான் திரை பிடித்தேன். ஆளுக்கு ஒரு பக்கமாக வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கூத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. முன்னால் ஜனம், பின்னால் வேஷம், இரண்டையும் பார்க்கலாம்.

பழைய கட்டியக்காரர்தான் பையனுக்கு முகம் எழுதினார். வெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டே சொன்னார்: "தோ பாரு. நான் சிரிக்க வெக்கப் போறேன்னு போய் நிக்காத. நீ ராஜா வூட்டு வேலைக்காரன். உனக்கு ஒரு வேலை கீது. அத்த ஒழுங்கா பண்ணு. சிரிப்பு அதுவா வரும். வரலன்னா உடு, அடுத்த வேலையைப் பாரு."

பையன் தலையை ஆட்டினான். காதில் ஏறியதா தெரியவில்லை.

திரைக்குப் பின்னால் வந்து நின்றான். ஜல் ஜல் என்று சத்தம். அவன் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை. கால் நடுங்கி சலங்கை தானாக அடிக்கிறது. முதல் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? மிருதங்கக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் உடனே அடித்துத் தூக்கினார். நடுக்கமும் தாளமும் ஒன்றாகிவிட்டது. ஜனத்துக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, திரைத்துணி பிடித்த என் கையும் சேர்ந்து ஆடியதால்.

திரையை விலக்கினோம். ஆடி வந்தான், கும்பிட்டான். ஜோக் சொல்ல ஆரம்பித்தான். போனில் பார்த்து மனப்பாடம் செய்தவை. டிவியில் வந்த மாமியார் ஜோக், டாஸ்மாக் ஜோக். ஒன்று சொன்னான், சிரிப்பு இல்லை. இரண்டு சொன்னான், இல்லை. மூன்றாவதைப் பாதியில் மறந்துவிட்டான். பைக் பையன்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். இருட்டில் இருந்து ஒரு குரல், "டேய், ராஜாவ அனுப்புடா, நீ போடா" என்றது. அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளைப் பூச்சு இருந்தும் முகம் செத்துப் போனது தெரிந்தது. வியர்வை கோடாக இறங்கியது. ஏர் பிடித்தவர்களுக்குத் தெரியும், கன்றுக்குட்டியை முதல் முறை நுகத்தில் பூட்டினால் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. அப்படி நின்றான்.

அப்போது முதல் வரிசையில் இருந்த ஒரு கிழவி, காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்டாள்: "யார் வூட்டுப் புள்ளடா நீ? இன்னா பண்ணிக்கினு கீற இங்க?"

அவளுக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. பையன் அவளைப் பார்த்தான். பழைய கட்டியக்காரர் சொன்னது அந்த நேரம் ஞாபகம் வந்ததோ என்னவோ.

"ராஜா வூட்டு வாசல்ல நிக்கிறேன் ஆயா. துரியோதன மகாராஜா வூட்டு வாசல்ல."

"சம்பளம் எவ்ளோ?"

"ஆறு மாசமா தரல ஆயா."

"தரலன்னா ஏன்டா நிக்கிற? வந்துட வேண்டியதுதான?"

"நான் வந்துட்டா நாளைக்கே வேற ஒருத்தன் வந்து நின்னுடுவான் ஆயா. காண்ட்ராக்ட்டு!"

பைக் மேல் இருந்த பையன்கள்தான் முதலில் வெடித்தார்கள். பாதிப் பேர் இவனைப் போலவே கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். விசில் பறந்தது. கிழவிக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை, "அப்ப துரியோதனன் கிட்ட நான் பேசறேன்" என்றாள். "வருவாரு ஆயா, இங்கயே இரு, தூங்கிடாத" என்றான். அதற்கும் சிரிப்பு. அவன் கழுத்தை இப்படி லேசாகத் திருப்பி ஜனத்தைப் பார்த்தான் பாருங்கள், அப்போதுதான் அவன் கட்டியக்காரன் ஆனான். துரியோதனன் வந்ததும் கிழவி கேட்டதை நேராக ராஜாவிடமே கேட்டான். ராஜா வேஷக்காரருக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை.

சார்லி சாப்ளின் தன் சுயசரிதையில் இதுபோல ஒன்று சொல்லியிருக்கிறார். 1894-ல், ஐந்து வயசில், இங்கிலாந்தில் ஆல்டர்ஷாட் என்ற ஊரில் முதல் மேடை. பாடிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட, ஜனம் கூச்சல் போட, பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவன் பாட, காசு வந்து விழுந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்குகிறேன், அப்புறம் பாடுகிறேன் என்றான். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. அவன் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே அந்தக் காசு வேண்டியிருந்தது. எங்கள் பையனுக்கும் அப்படித்தான். மனப்பாடம் செய்தது ஓடவில்லை, தன் வாழ்க்கையில் இருந்து வந்தது ஓடியது.

ஆனால் எனக்கு அன்றைக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் துகில் உரியும் கட்டம். கற்பூரம் காட்டினார்கள். இதற்குமேல் அது வேஷம் இல்லை, அம்மன். துச்சாதனன் சேலையில் கை வைக்கிறான். கிழவிகள் எழுந்து உட்கார்ந்து கும்பிடுகிறார்கள். அந்த நேரம் பின்னால் இருட்டில் ஒருத்தன் விசில் அடித்தான்.

கட்டியக்காரன் ஓரமாக நின்றிருந்தான். அந்தக் கட்டத்தில் அவனுக்குப் பேச்சு கிடையாது. "துகில் தொட்டதும் நீ வாயைத் தொறக்காத" என்று வாத்தியார் சொல்லி வைத்திருந்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, விசில் வந்த பக்கம் திரும்பி, உதட்டில் ஒரு விரலை வைத்தான். அவ்வளவுதான். கப்பென்று அடங்கியது. வாத்தியார் சொல்லியிருந்தால் கூட அடங்கியிருக்குமா தெரியாது. ராத்திரி முழுக்க சிரிக்க வைத்தவன் போதும் என்றதால் அடங்கினார்கள்.

விடிந்ததும் அவன் அம்மா வந்தாள். கூத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னவள், ராத்திரி முழுக்க எதிர்வீட்டுத் திண்ணையில் விளக்கு படாத இடத்தில் உட்கார்ந்திருந்தாளாம், என் வீட்டுக்காரி சொன்னாள். கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம், பழைய துணி. ஒன்றும் பேசாமல் அவன் முகத்தைத் துடைத்தாள். அவனுக்கு முதல் ஷிப்ட். பஸ் வரும் நேரம். "காதாண்ட இன்னும் வெள்ளை கீது, நில்லுடா" என்றாள். அவன் நிற்கவில்லை, ஓடினான். அந்த வெள்ளையோடுதான் பஸ் ஏறினான். பொண்ணு பார்க்கும் கவலை அவளுக்குத் தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்த கூத்து என்றைக்கு என்று மட்டும் இப்போது கேட்டு வைத்துக்கொள்கிறாள்.

இந்தக் கலைக்கு ஆள் சேர்ப்பது லேசான காரியம் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் 1990-ல் ராஜகோபால் வாத்தியார் கூத்துக்காரர்களைச் சேர்த்து கட்டைக்கூத்து சங்கம் ஆரம்பித்தார். 2002-ல் குருகுலம் வைத்து, படிப்பும் கூத்துமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடிவிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இன்னும் விடாமல் நடத்துகிறது. சென்னையில் கூத்துப்பட்டறை ஆரம்பித்த ந. முத்துசாமியை இழுத்ததும் அந்தப் புரிசைக் கூத்துதான். மற்றபடி எங்களைப் போல ஊருக்கு ஊர் செட்டுகள்தான், மாட்டுக் கொட்டகையில் அடவு பழகிக்கொண்டு.

அதனால் ஒரு வேண்டுகோள். பங்குனியில் இருந்து ஆடி வரைக்கும் செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், வந்தவாசி பக்கம் எங்காவது பாரதம் நடக்கும். பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய நோட்டீஸைப் பாருங்கள். டிக்கெட் கிடையாது. ஒரு போர்வை, ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள். பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போகாதீர்கள். கூத்து சூடு பிடிப்பதே அதற்கு மேல்தான். கட்டியக்காரன் பேச்சுக் கொடுத்தால் வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். பத்தோ இருபதோ அன்பளிப்பு கொடுத்தால் உங்கள் பேரை மைக்கில் சொல்லுவான், கூடவே ஒரு கிண்டலும் இலவசம். புதுப் பையனாக இருந்து, ஜோக் ஓடாமல் நிற்கிறான் என்றால், போனை எடுக்காதீர்கள். அந்தக் கிழவி போல, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

கரண்ட் வந்துவிட்டது. கத்திரிக்குத் தண்ணி பாய்ச்சப் போகிறேன். அடுத்த பதிவில் சொர்ணவாரி நாற்றங்கால் பற்றி எழுதுகிறேன்.