தொட்டலங்கவுக்கு ஒரு பாட்டு

2023 செப்டெம்பர் 23 ஆம் திகதி பாரிஸில் அயர்லாந்து றக்பி அணி தென்னாபிரிக்காவை 13–8 என்று வென்றது. அரங்கில் திரண்டிருந்த ஐரிஷ் ரசிகர்கள் ஒரே குரலில் பாடியது கிரான்பெரிஸ் குழுவின் ‘ஸோம்பி’. குண்டுக்குப் பலியான இரண்டு பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட பாட்டு அது. நான் வாழும் லிமெரிக்கில் அது கேட்காத வாரமே கிடையாது. எழுதிப் பாடிய டொலோரஸ் ஓ’ரியோர்டன் இந்த மாவட்டத்து மகள். 2018 ஜனவரியில் லண்டனில் இறந்தவரை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள்.

1993 மார்ச் 20, பிரித்தானியாவின் அன்னையர் தினத்துக்கு முதல் நாள். இங்கிலாந்தில் வொரிங்டன் கடைத்தெருவின் குப்பைத்தொட்டிகளில் ஐரிஷ் ஆயுத இயக்கமான ஐஆர்ஏ வைத்த குண்டுகள் வெடித்தன. 3 வயதுக் குழந்தை அந்த இடத்திலேயே இறந்தது. 12 வயதுச் சிறுவன் ஐந்து நாள் கழித்து இறந்தான். அயர்லாந்தின் பெயரால் நடந்த அந்தக் கொலையை ஏற்க முடியாது என்ற கோபத்தில் பிறந்தது இந்தப் பாட்டு. 1994 செப்டெம்பரில் தனிப்பாட்டாக வெளிவந்து ஜெர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியா எங்கும் முதலிடம் பிடித்தது. மெல்லிய பாட்டுகளுக்குப் பேர்போன குழு அதில் கித்தாரை உறும விட்டது. பல்லவியில் டொலோரஸின் குரல் தொண்டையிலேயே உடைந்து உடைந்து மேலேறும். அயர்லாந்திலும் ஒருகாலத்தில் சாவீட்டில் பெண்கள் பாடி அழுதிருக்கிறார்கள். நம்முடைய ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குரல் அந்நியமில்லை.

அந்தப் பாட்டு உலகைச் சுற்றிவந்த 1994 ஒக்டோபரில் கொழும்பில் எங்கள் கிராண்ட்பாஸில் குண்டு வெடித்தது. 24 ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம். தொட்டலங்கவில் ஐக்கிய தேசியக் கட்சியின் தேர்தல் கூட்டம். ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்கவோடு ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பழி விடுதலைப் புலிகள்மேல் விழுந்தது.

எங்கள் தோட்டத்துச் சிங்கள அக்கா ஒருவரின் கணவர் அந்தக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பவில்லை. குழாயடியில் என் அம்மாவுக்கு இடம்பிடித்து வைப்பவர் அந்த அக்கா. அம்மா அவர் வாசல்வரை போனார், படியேறவில்லை. “போயி என்னான்னு சொல்றது?” என்று திரும்பிவந்து அடுப்படியில் இருந்து அழுதார். அப்பா எங்கள் அடையாள அட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். சோதனைக்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். கொன்றவர்கள் பேசிய மொழி எங்கள் மொழி என்பதால், பக்கத்து வீட்டுச் சாவுக்கு அழுகிற உரிமைகூட எங்களுக்கு இல்லாமல் போனது.

வட அயர்லாந்தில் வளர்ந்த சிலருக்கு ‘ஸோம்பி’ கசக்கிறது. 1972 இல் டெரி நகரின் ‘இரத்த ஞாயிறு’ அன்று பிரித்தானியப் படையினர் 13 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அப்படி விழுந்த எங்கள் ஆட்களுக்காகத் தெற்கில் யார் பாடினீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1983 ஜூலைக் கொலைகளையும் 2009 மே மாதத்துப் போர்முடிவின் சாவுகளையும் நெஞ்சில் சுமக்கும் எந்தத் தமிழருக்கும் அது விளங்கும். ஆனால் நம் கணக்குத் தீரும்வரை அடுத்தவன் பிள்ளைக்கு அழமாட்டோம் என்று இரு தரப்பும் நின்றுவிட்டால், இந்த உலகில் எந்தப் பிள்ளைக்கும் அழ ஆளிருக்காது.

நம்மிடம் அப்படி உள்ளிருந்து பேசியவர்கள் இருந்தார்கள். ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம எல்லாத் தரப்பின் கொடுமையையும் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும்போது அவரைச் சுட்டுக்கொன்றார்கள். அங்கே உண்மை பேச உயிரை விலையாகக் கேட்டார்கள். இங்கே என்னை யாரும் தெருவில் மறித்து அட்டை கேட்பதில்லை. ஆகவே உண்மை பேசும் பொறுப்பு எங்களைப் போல வெளியே வந்தவர்களுக்கே கூடுதல்.

மே 18 அன்று நம் சாவுகளுக்கு விளக்கேற்றுகிறோம். அது ஒருபோதும் நிற்கக்கூடாது. அதே மேடையில் தொட்டலங்கவில் மாண்டவர்களுக்கும் தமிழில் ஒரு பாட்டு வேண்டும். என் அம்மா அந்த வாசலில் சொல்ல முடியாமல் விட்டதை அது சொல்லட்டும். அதனால் நம் துயரம் ஒரு துளியும் குறைந்துபோகாது.