கம்ப்யூட்டருக்கு என்ன தேதி?

இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் அந்தப் பெண்மணி செய்த முதல் வேலை, மெயின் ஸ்விட்சைப் போட்டது. இரண்டாவது, கம்ப்யூட்டரைப் போட்டது. புனேயில் மகளின் பிரசவத்தைப் பார்த்துவிட்டு, ஜூலை மழையோடு தில்லி மயூர் விஹாருக்குத் திரும்பியிருந்தார். தொழில் மொழிபெயர்ப்பு, வயது 58. நிலத் தகராறுகள் பற்றிய 30 பக்க இந்தி அறிக்கையை மறுநாள் மாலைக்குள் ஆங்கிலத்தில் தந்தாக வேண்டும்.

அவருடைய பிழைப்பே ஒரு குட்டி புரோகிராமில் இருந்தது. பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் எக்ஸ்டென்ஷன். ஒரு சொல்லின் மேல் மவுஸை வைத்தால், வெளியே உள்ள அகராதியிலிருந்து பொருளைக் கொண்டுவரும். அவரே கண்டுபிடித்த பொருளையும் சேமித்துக்கொள்ளும். கஸ்ரா, கதௌனி, தாகில்-காரிஜ் என்று எந்த அகராதியும் ஒழுங்காகச் சொல்லாத வருவாய்த்துறைச் சொற்கள், கோர்ட் சொற்கள், பட்வாரிகளின் சுருக்கெழுத்துகள். ஒன்பது ஆண்டு உழைப்பு. 4,000 சொற்களுக்கு மேல்.

அன்று அகராதிப் பொருள் வரவில்லை. தெரிந்த ஒருவருக்குப் போன் செய்தார். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லா நோய்களுக்கும் இந்த நாட்டில் சொல்லப்படும் மருந்தையே அவரும் சொன்னார்: "எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்." நிச்சயமாக நீக்கவா என்று பிரவுசர் ஒருமுறை கேட்டது. ஆம் என்றார். மறுபடி போடப் போனபோது பக்கமே திறக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சிவப்பு எச்சரிக்கை. வங்கியின் பக்கத்துக்குப் போனார்; அங்கும் அதே எச்சரிக்கை.

கேபிள்காரர் வந்து வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டுக் கல்லூரி மாணவன் வந்தான். "செக்கிங்கையே ஆஃப் பண்ணிடலாம் ஆன்ட்டி. ஃபைலை வேற எங்கேயாவது இறக்கிப் போட்டுக்கலாம்." அவனுக்கு நல்லெண்ணம்தான். ஆனால் முதன்முதலில் அந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டபோது கேட்கப்பட்ட அனுமதி அவருக்கு நினைவிருந்தது: பார்க்கும் எல்லா வலைத்தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும். அதே பிரவுசரில்தான் அவர் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், வருமான வரி கட்டுகிறார். "வேண்டாம் பேட்டா" என்று அனுப்பிவிட்டார்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இரவு பத்து மணிக்கு, கையால் மொழிபெயர்த்த முதல் ஐந்து பக்கங்களைச் சேமித்தார். புதிய ஃபைல் பட்டியலின் உச்சியில் வந்து நிற்க வேண்டும். காணோம். தேடியபோது, பல ஆண்டுப் பழைய ஃபைல்களுக்கெல்லாம் கீழே, கடைசியில் கிடந்தது. பக்கத்தில் தேதி: 1 ஜனவரி 2012.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கடிகாரம் ஓட, உள்ளே நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. மின்சாரமே இல்லாத இரண்டு மாதத்தில் அந்தக் கிழட்டு பேட்டரி உயிரை விட்டிருந்தது. கடிகாரம் தன் பிறந்த நாளுக்கே திரும்பிப் போய்விட்டது.

இதற்கும் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம்? கெஜட்டட் அதிகாரி அட்டெஸ்ட் செய்த நகலை நினைத்துக்கொண்டால் போதும். இந்தத் தளம் உண்மையானது என்று ஒருவர் முத்திரை குத்துகிறார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று மேலே ஒருவர் முத்திரை குத்துகிறார். ஒவ்வொரு முத்திரையிலும் இரண்டு தேதிகள்: எந்த நாள் முதல், எந்த நாள் வரை. இன்று என்ன தேதி என்று பிரவுசர் கேட்பது, பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத்தான். 2012இல் நிற்கும் கடிகாரத்துக்கு, பின்னாளில் தரப்பட்ட முத்திரைகள் எல்லாமே இன்னும் பிறக்காதவை. செல்லாது என்று காவல்காரன் சொன்னது அவனுக்குத் தெரிந்தவரை சரிதான்.

இதற்கு நேர் எதிரான கூத்து உலக அளவிலேயே நடந்திருக்கிறது. 2019 மே 4 சனிக்கிழமை, இந்தியாவில் விடிந்துகொண்டிருந்த நேரம். ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்களுக்கு முத்திரை குத்தும் இடைநிலைச் சான்றிதழின் கெடு முடிந்தது. புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். உலகம் முழுக்க விளம்பரத் தடுப்பான்களும் பாஸ்வேர்டு காப்பாளர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. அடையாளத்தை மறைத்து இயங்க வேண்டியவர்கள் நம்பியிருக்கும் டார் பிரவுசரில்கூட, ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும் கவசம் கழன்றது. புதிதாகப் போட முயன்றவர்களுக்கு வந்த செய்தி, இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னது. இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. மறுநாள் 66.0.4 என்ற திருத்திய பதிப்பு வந்தது. அதற்குள் மொஸில்லா எல்லோருக்கும் விடுத்த வேண்டுகோள்: எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிட்டு மறுபடி போடாதீர்கள், நீக்கினால் அதில் சேமித்தவையும் போய்விடும்.

அங்கே எல்லோருடைய கடிகாரமும் சரி, முத்திரை காலாவதி. மயூர் விஹாரில் முத்திரைகள் சரி, கடிகாரம் தவறு. திரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மூன்றாவது வகையும் உண்டு: அலுவலக நெட்வொர்க்கோ, சில ஆன்டிவைரஸ் புரோகிராம்களோ, வரும் தபாலைப் பிரித்துப் பார்த்துத் தன் முத்திரையைக் குத்தி அனுப்பும். முன்பின் தெரியாத முத்திரை என்று பிரவுசர் மறுக்கும்.

இத்தனை தொல்லை தரும் காவல்காரனை அனுப்பிவிட்டால்தான் என்ன? 2014 ஜூலையில், கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றில் இருந்தது நம் மத்திய அரசின் தேசியத் தகவல் மையத்தின் முத்திரை. அந்த மையத்துக்குத் தந்திருந்த இடைநிலைச் சான்றிதழ்களை, சான்றளிக்கும் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரி ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அரசு முத்திரையே தவறாகப் பயன்பட முடியும் என்றால், முத்திரையே பார்க்காமல் கதவைத் திறந்து வைப்பது எப்படிப்பட்ட துணிச்சல்?

ஆகவே எச்சரிக்கை வந்தால் முதலில் தேதி, ஆண்டு, மணி. பிறகு, பிரவுசர் புதிய பதிப்பா என்பது. 2025 மார்ச் 14 அன்று ஃபயர்ஃபாக்ஸின் ஒரு மூலச் சான்றிதழே காலாவதியானபோது, பழைய பதிப்புகளைப் புதுப்பிக்கும்படி இந்த முறை முன்கூட்டியே எச்சரித்தார்கள். அதற்கும் பிறகு, நடுவில் யாராவது தபாலைப் பிரிக்கிறார்களா என்பது. நீக்குவதும் சோதனையை அணைப்பதும் இந்தப் பட்டியலில் இல்லை.

தேதியைத் திருத்திய அரை நிமிடத்தில் எக்ஸ்டென்ஷன் மறுபடி வந்து அமர்ந்தது. காலியாக. 4,000 சொற்களில் ஒன்றுகூட இல்லை. அறிக்கை மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போயிற்று. கடைக்காரர் மாற்றித் தந்த பேட்டரிக்குச் செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

இப்போது மாதம் பிறந்ததும் அவர் சொற்பட்டியலை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்கிறார். புதிய பட்டியல் 1,100ஐத் தாண்டியிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்புகளைப் புரட்டிப் புரட்டி மீட்டவை பாதி. மீதிச் சொற்களை எந்தப் பட்வாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.