தட்டினால் தெரியும்

எங்கள் பிளாட்டில் மொத்தம் 210 டைல். அதில் 41 டைலுக்குக் கீழே வெறும் காற்று. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு டைலிலும் நான்கு மூலை, ஒரு நடு என்று ஐந்து இடத்தில் தட்டிப் பார்த்து, சாக்பீஸால் குறி போட்டு எடுத்த கணக்கு. நன்றாகப் பிடித்திருக்கும் டைல் ‘டிக்’ என்று கெட்டியாகப் பேசும். பிடிக்காதது காலிக் குடம் மாதிரி ‘டொக்’ என்னும். மூன்று நாள், காலை வேளையில், மணைப்பலகையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து முடித்தேன். மனைவி நாற்காலியில் இருந்தபடியே, “அது சரியில்லீங்க, இன்னொரு தரம் தட்டுங்க” என்று மேற்பார்வை பார்த்தாள்.

மத்தியப் பொதுப்பணித் துறையில் 35 வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். அங்கே மெஷர்மெண்ட் புக் என்று ஒன்று உண்டு, ‘எம்.புக்’ என்போம். விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், கடைசியில் அளவு என்று கட்டங்கள் இருக்கும். அதே கட்டங்களை ஒரு நோட்டில் வரைந்து இந்த 41-ஐயும் எழுதினேன். ஆழம் என்ற கட்டத்தில் மட்டும் கோடு போட்டுவிட்டேன். ஆபீசிலும் டைல் தரைக்கு அப்படித்தான். சதுர மீட்டர் கணக்கு; ஆழம் யாரும் கேட்பதில்லை.

அடையாறில் இந்தப் பிளாட் 1989-ல் கட்டியது. அந்தக் காலத்து வழக்கப்படி மொசைக் தரை. முப்பது வருஷத்தில் ஒரு கல் அசைந்ததில்லை. 2019-ல், வெளிநாட்டில் இருக்கும் மகன், “தரை மங்கிப்போச்சுப்பா, வைட்ரிஃபைடு போட்டுடலாம்” என்று ஒரு காண்டிராக்டரைப் பேசி, பணத்தையும் அங்கிருந்தே அனுப்பிவிட்டான். மொசைக்கைப் பெயர்க்க வேண்டாம், அதன் மேலேயே ஒட்டிவிடலாம், இடிபாடு இல்லை, தூசி இல்லை, பத்தே நாள் என்றார் காண்டிராக்டர். சொன்னபடி முடித்தார். தரை உயர்ந்துவிட்டதால் எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டி வந்தது. மற்றபடி கண்ணாடி போலத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

நூற்றுக்கு ஐந்து பிடித்துவைத்து ஒரு வருஷம் கழித்துக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். அரசாங்க வேலையில் வைப்புத்தொகை என்று ஒரு பகுதியை நிறுத்திவைத்து, குறை பார்க்கும் காலம் முடிந்த பிறகுதான் விடுவிப்போம். காண்டிராக்டர் சிரித்தார். “இது என்ன கவர்மெண்ட் வேலையா சார்? உங்க பையன் ஃபுல்லா அனுப்பிட்டாரே!”

2023 ஜனவரியில் ஒரு விடியற்காலை, ஹாலில் ‘டமால்’ என்று சத்தம். மனைவி சிலிண்டர் என்று பயந்தாள். எதிர் பிளாட்காரர் லுங்கியோடு ஓடிவந்தார். போய்ப் பார்த்தால், இரண்டு டைல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி எழும்பி நிற்கின்றன. அன்றிலிருந்து காண்டிராக்டர் போனை எடுக்கவில்லை.

அதன் பிறகு கிடைத்தவர் ஒரு வயதான கொத்தனார். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். இப்போது கண்ணகி நகரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். எழும்பிய டைலைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். “பாருங்க சார், முதுகுல ஒரு பருக்கை ஒட்டல.” சுத்தமாகத்தான் இருந்தது. கீழே, பளபளப்பு மாறாத பழைய மொசைக்கின் மேல், கொழுக்கட்டை மாதிரி ஐந்து கலவை உருண்டைகள். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. நடுவில் இருந்ததெல்லாம் காற்று.

விஷயம் இதுதான். மொசைக் கல் 22 மில்லிமீட்டர் கனம், அடிப்பக்கம் சிமெண்ட். அது கலவையின் ஈரத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். ஒன்றுக்கு நான்கு கலவையில் 20 மில்லிமீட்டர் படுக்கை என்ற வாசகத்தை நான் எத்தனை மதிப்பீட்டில் எழுதியிருப்பேனோ! வைட்ரிஃபைடு டைல் அப்படி இல்லை. தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அதைச் சாதா சிமெண்டால் வழவழப்பான மொசைக் மேல் ஒட்டினால் இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லை. இதற்கென்றே பசைக்கலவை மூட்டையில் வருகிறது, ஐ.எஸ். 15477 என்று மூட்டையில் பார்த்து வாங்க வேண்டும். பல் வைத்த கரணையால் அதை இடைவெளி விடாமல் முழுக்க இழுக்க வேண்டும். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டராவது சந்து வேண்டும். சுவரோரமும் வேண்டும், அதை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். எங்கள் வீட்டில் சந்தே இல்லை. நெருக்கி அடித்ததுதான் அழகு என்று அடித்துவிட்டார்கள். அடியிலிருக்கும் சிமெண்ட் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், டைல் சுருங்காது. வெயிலுக்கும் குளிருக்கும் அசைய வேறு இடமில்லாமல் அது மேலே எழும்புகிறது.

“அந்தப் பசங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார்” என்றார் கொத்தனார். “ஸ்கொயர் ஃபீட்டுக்கு இவ்ளோன்னு பேசிட்டா, இன்னைக்கு எவ்ளோ ஓட்டினேன்னுதான் கேப்பாங்க. முழுக்கப் பூசினா மூட்டை கூடப் போவும், நேரம் கூட ஆவும். யாரு குடுப்பா?” அந்தப் பையன்கள் வடக்கே இருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. டீ மட்டும் இரண்டு பேருக்கும் புரிந்தது. ராத்திரி ஒன்பது மணி வரை வேலை செய்துவிட்டு அதே ஹாலில் படுப்பார்கள். ஒருவன் நூல் கட்டி ரசமட்டம் பார்த்த அழகை இன்றும் சொல்வேன். கைத்திறமை இல்லாமல் போகவில்லை. நீளத்துக்கும் அகலத்துக்கும்தானே கூலி!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் டைலுக்கு ‘கரோ’ என்று பெயர். சீட்டுக்கட்டில் டைமனுக்கும் அதே சொல்தான். ‘ரெஸ்தே சுய்ர் ல கரோ’ என்று ஒரு வழக்கு உண்டு. நேர் அர்த்தம், டைல் மேலேயே கிடப்பது. அடிபட்டு விழுந்து எழ முடியாதவனைச் சொல்வார்கள். பத்து வயதில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினோம்.

இப்போது வீட்டில் முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆன மனைவி வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறாள். டைல் முனை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் நமக்குக் கண்ணில் படாது, வாக்கரின் ரப்பர் காலுக்குத் தெரியும். இரண்டு முறை தட்டி நின்றது. இரண்டாவது முறை கதவுப்பிடி கைக்கு எட்டியதால் பிழைத்தாள். பாத்ரூம் இன்னும் மோசம். தண்ணீர் நானி டிராப் பக்கம் போகாமல் வாசற்படியில் வந்து தேங்கும். கொத்தனார் ஒரு கோலிக்குண்டை விட்டார். அது நேராகக் கதவுக்கு உருண்டு வந்தது.

மொத்தத் தரையையும் பெயர்த்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், எங்கள் வயதில் அது நடக்காது. சந்தில் துளையிட்டுப் பால் ஊற்றி நிரப்பலாம் என்று ஒருவர் சொன்னார். முதுகிலேயே பிடிக்காத டைலை ஊசி போட்டு எத்தனை நாள் நிறுத்துவது? கடைசியில் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு மனைவி தினமும் நடக்கிற வழியைக் கோடு போட்டோம்: கட்டிலிலிருந்து பாத்ரூம், அங்கிருந்து சமையலறை, பிறகு பால்கனி. டொக்கென்ற 41-ல் 26 அந்த வழியில் இருந்தன. அதை மட்டும் எடுத்துப் போடுவது, பாத்ரூமை முழுக்கப் புதிதாகச் செய்வது என்று முடிவு.

மனைவியை தி.நகரில் மச்சினி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நாள் கூலிக்குத்தான் பேசினோம். கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஆறு நாள். அடியில் மொசைக்கைக் கொத்திவிட்டு, கழுவி, பசை இழுத்து, ஒவ்வொரு டைலையும் வைத்த பிறகு ஒரு தரம் தூக்கிப் பார்த்து மறுபடி வைத்தார். பாத்ரூமில் சின்னச் சின்ன சொரசொரப்பு டைல், ஆறடிக்கு முக்கால் அங்குலம் வாட்டம். இருபத்துநாலு மணி நேரம் யாரும் கால் வைக்கக் கூடாது என்றார்; நானே பால்கனிப் பக்கம் போகவில்லை.

அதே நிற டைல் கிடைக்கவில்லை. குஜராத் மோர்பியிலிருந்து வருகிற சரக்கு, ஒவ்வொரு தடவையும் சாயல் கொஞ்சம் மாறும் என்றார் கடைக்காரர். பெட்டி மேல் ஷேட் நம்பர் போட்டிருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முந்தின நம்பர் எங்கே கிடைக்கும்? இந்த முறை இரண்டு பெட்டி கூட வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மிச்சம் 15 டொக்கும் பீரோவுக்கும் சோபாவுக்கும் கீழே இருக்கின்றன, இருக்கட்டும்.

மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, “என்னப்பா, நடுவுல கலர் மாறிக் கிடக்கு?” என்றான். அவன் அம்மா போனை என் கையில் கொடுத்து, தரைப் பக்கம் காட்டச் சொன்னாள். பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு கட்டிலிலிருந்து சமையலறை வரை போய்த் திரும்பி வந்து, “இது என் ரோடுடா” என்றாள்.