சோற்றை நிறுத்தினால் கட்டி சாகுமா?

ஈரலின் ஓர் உயிரணுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் உண்டு. உண்ட உணவை ஆக்சிஜனின் துணையோடு ஆற்றலாக மாற்றுபவை அவை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து அவற்றின் வழியே ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். நொதித்தலில் கிடைப்பது 2 மட்டுமே. ஆயினும் புற்றணுக்கள், ஆக்சிஜன் இருக்கும்போதும், அந்த விரயமான வழியையே பெரிதும் நாடுகின்றன என்பதை 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். மைட்டோகாண்ட்ரியா பழுதானதே புற்றுநோயின் மூலம் என்றும் கருதினார்.

ஈரல் புற்றணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவை ஆராய்வதே என் வேலை. அதனால்தான் ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் கேட்ட கேள்வி என்னை உறங்கவிடவில்லை. ஈரல் புற்றுநோயில் வாடும் பெரியப்பாவுக்குச் சோறும் பழமும் நிறுத்தப்பட்டிருந்தன. “சர்க்கரை போகாவிட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வார்பர்க் என்று பெயரும் போட்டிருந்தது. நீ படிப்பதும் அதுதானே தம்பி? சரிதானே?”

சரியன்று. வார்பர்க் கண்டது மெய். அதற்கு அவர் சொன்ன காரணம் பின்னாளில் நிற்கவில்லை. பெரும்பாலான புற்றணுக்களில் மைட்டோகாண்ட்ரியா உயிர்ப்போடுதான் இருக்கிறது. அதன் பணி மாறியிருக்கிறது. இயல்பான ஈரலணுவில் உள்ள குளுக்கோகைனேஸுக்கு மாற்றாக, ஈரல் புற்றணு ஹெக்சோகைனேஸ் 2 என்னும் நொதியை மிகுதியாக ஆக்குகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு குளுக்கோசை விரைந்து பற்றுகிறது. அணு தானே மடிவதையும் தடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவோ ஆற்றலோடு, புதிய அணுக்களைக் கட்டும் மூலப்பொருள்களையும் வழங்குகிறது. குளுக்கோஸ் குறைந்தால் குளுட்டமினும் கொழுப்பமிலமும் எரிபொருளாகும். குளுக்கோசுக்குப் பதில் காலக்டோஸ் ஊட்டி வளர்த்தால், ஹெப்ஜி2 அணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே பிழைத்துக்கொள்கின்றன.

மேலும், சோற்றை நிறுத்தினாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் அற்றுப்போகாது. தசைப்புரதம் கரைந்து, அதன் அமினோ அமிலங்களிலிருந்து ஈரலே அதை ஆக்கும். பெரியப்பாவைப் போல ஈரல் சுருங்கியவருக்குக் கிளைக்கோஜன் சேமிப்பு குறைவு. ஓரிரவுப் பட்டினியிலேயே தசை கரையத் தொடங்கும். அத்தகையோர் படுக்கும் முன் சிற்றுணவு உண்ண வேண்டுமென்று மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான். தசை கரைந்தவர் சிகிச்சையைத் தாங்கும் வலுவையும் இழப்பார்.

அண்ணனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “இன்றைக்கே சோறு கொடுங்கள், நாளை மருத்துவரிடம் உணவுமுறை கேளுங்கள்” என்றேன். மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைக்கும் மருந்துகளை ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. அதுவரை நோயாளியின் தட்டில் யாரும் சோதனை செய்ய வேண்டாம். அந்தச் செய்தி உங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்திருந்தால், இதையும் அங்கே பகிருங்கள்.