கிழக்கு லண்டனில் ஒரு ஜோசியர்!

எங்க வீட்டுப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடை. டைம் டேபிள், அறிவிப்புப் பலகை, விசாரணை கவுன்ட்டர் எல்லாமே அந்தக் கடைக்காரர்தான். "அண்ணே, பஸ் போயிருச்சா?" என்று கேட்டால், பாய்லரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்பத்தான் தம்பி போச்சு" என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட "இனிமேதான் வரும்" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. போயிருச்சுன்னு சொன்னால்தானே அடுத்த பஸ் வரைக்கும் ஒரு டீயாவது விற்கும்!

இப்படி வளர்ந்த ஆசாமியை 2023 நவம்பரில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். வேலை ஆல்ட்கேட்டில். ஜாகை ஈஸ்ட் ஹாமில். ரயிலில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால், ஒவ்வொரு பவுண்டையும் நூறால் பெருக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் ஜாதி நான். பஸ்தான் மலிவு. அதனால் 115ஆம் நம்பர் மாடி பஸ்.

ஈஸ்ட் ஹாம் போனவர்களுக்குத் தெரியும். கடைவாசலில் முருங்கைக்காய், உள்ளே இடியாப்ப மாவு, போர்டில் தமிழ், தெருவிலேயே மகாலட்சுமி கோயில். குளிர் மட்டும் இல்லையென்றால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்ததே வீண் என்று தோன்றும்.

முதல் நாள் காலை. விடிந்தும் விடியாத இருட்டு. டவுன் ஹால் ஸ்டாப்பில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். தலைக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை. அதில் ஆரஞ்சு எழுத்து ஓடுகிறது. பஸ் நம்பர், போகும் ஊர், எத்தனை நிமிஷத்தில் வரும் என்ற கணக்கு. '115 ஆல்ட்கேட் 4 நிமிஷம்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை ஜோசியரைப் பார்த்தவன் நான்! வாட்சைப் பார்த்தேன். நான்காவது நிமிஷம், சிவப்பாக, இரண்டு மாடியோடு வந்து நின்றது. ஏறும்போது பலகையைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் விசாரித்துப் படித்ததில் தெரிந்தது, இந்த ஜோசியர் ஒரே நாளில் பிறந்தவர் இல்லை. 1992ல் லண்டனின் 18ஆம் நம்பர் தடத்தில் 'கவுன்ட் டவுன்' என்ற பெயரில் சோதனை ஆரம்பித்தார்கள். அப்போது சாலையோரக் கம்பங்களில் கருவி வைத்து, பஸ் அதைத் தாண்டும்போது 'இங்கே வந்துவிட்டது' என்று தெரிந்துகொண்டார்கள். 2009 வாக்கில் சுமார் எட்டாயிரம் பஸ்ஸிலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. ஆனால், லண்டனில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே போனால் ஜி.பி.எஸ்.ஸுக்கே வழி தவறும். அதனால் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அத்தனை ஸ்டாப்பிலும் பலகை கிடையாது. சுமார் 19 ஆயிரம் ஸ்டாப்பில் இரண்டரை ஆயிரம் இடத்தில்தான். மிச்ச இடத்துக்கு 2011லிருந்து செல்போனில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாரம் நான் பலகைக்குப் பரம பக்தனாகிவிட்டேன். பக்தி முற்றினால் என்ன ஆகும்? பலகையில் 9 நிமிஷம் என்றிருந்தது. பக்கத்துக் கடையில் சுடச்சுட வடை போடும் வாசனை. வடைக்கு நாலு நிமிஷம், டீக்கு மூணு நிமிஷம், திரும்பி நடக்க ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் லாபம்! கணக்குப் போட்டு உள்ளே போனேன். கையில் வடையோடு வெளியே வந்தால், என் 115 பின்பக்கம் காட்டிக்கொண்டு போகிறது. அன்றைக்கு ரோட்டில் நெரிசல் சட்டென்று விட்டிருக்கிறது. ஒன்பது ஆறாகிவிட்டது. பலகை மேல் தப்பில்லை. அது சொன்னது கணிப்பு. நான் எடுத்துக்கொண்டது சத்தியப் பிரமாணம்.

ஸ்டாப்பில் தினமும் பார்க்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயசிருக்கும். பாப்லர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. என் வடையைப் பார்த்துச் சிரித்தார்.

"பஸ்ஸை விட்டிட்டியளோ தம்பி? கவலைப்படாதைங்கோ, அடுத்தது வருது."

"நீங்க இந்த போர்டை நம்புவீங்களாம்மா?"

"முழுசா நம்பமாட்டன். ஆனா பார்ப்பன். நான் போனால்தான் இரவு வேலை செய்த பிள்ளை வீட்டுக்குப் போகலாம். அவளுக்குச் சின்னக் குழந்தை. பத்து நிமிஷம் பிந்தும் எண்டு தெரிஞ்சால் ஒரு போன் எடுத்துச் சொல்லுவன். தெரியாட்டி என்னத்தைச் சொல்லுறது?"

அடுத்த பஸ்ஸில் இருவரும் ஏறினோம். பார்க்கிங் ரோட்டில் நடுவழியில் பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றுவிட்டது. ஆள் ஏறவில்லை, இறங்கவில்லை, நகரவும் இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், பஸ்களுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்ய நிற்பதாகச் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீசுக்கு ஓடுகிறவனை ஏற்றிக்கொண்டு, சீக்கிரம் வந்துவிட்டேன், கொஞ்சம் இளைப்பாறுகிறேன் என்று ஒரு பஸ் சொல்லலாமா சார்?

சொல்லலாம் என்கிறது கணக்கு. 1964லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு பேர் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால், அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்திருக்கும். ஏற்ற நேரமாகும், இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆளே இருக்காது. அது ஓடிவந்து முன்னதைப் பிடித்துவிடும். அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராமல், அப்புறம் மூன்று பஸ் ஊர்வலமாக வருமே, அந்த ரகசியம் இதுதான். நம்ம ஊர் டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாவம்!

அதனால்தான் லண்டனில் மணிக்கு அஞ்சு பஸ்ஸோ அதற்கு மேலோ ஓடும் தடத்தில் 'சரியான நேரத்துக்கு வந்ததா' என்று பார்ப்பதில்லை. பயணி நியாயமாகக் காத்திருக்க வேண்டியதைவிட எத்தனை நேரம் அதிகம் காத்திருந்தார் என்றுதான் அளக்கிறார்கள். ஓட்டுவது தனியார் கம்பெனிகள். 2001லிருந்து, காத்திருப்பு குறைந்தால் கம்பெனிக்குப் பரிசு, கூடினால் வெட்டு. பஸ் பாதி வழியில் திருப்பி விடப்பட்டால் பலகையிலிருந்து நம்பர் காணாமலும் போகும். அதற்குப் 'பேய் பஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் அளந்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காத்திருக்கிறது பெரிய விஷயம் இல்லைத் தம்பி. எவ்வளவு நேரம் எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் ஆளைத் தின்னும். நான் இங்க வந்து பேப்பர் கிடைக்க ஒன்பது வருஷம் இருந்தனான். பிள்ளையள் ஊரில. 'எப்பம்மா கூப்பிடுவாய்' எண்டு கேட்குங்கள். 'கெதியில' எண்டு சொல்லுவன். ஒன்பது வருஷமும் அதே சொல்லுத்தான். அதுக்கு ஒருத்தரும் ஒரு போர்ட் வைக்கேல்லை."

பாப்லர் வந்தது. "வடை ஆறப்போகுது, சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு இறங்கவில்லை.

அன்று ராத்திரி அம்மா போன் பண்ணினாள். "எப்பப்பா வருவே?" வழக்கமாக நான் சொல்வது, "வந்துருவேம்மா, சீக்கிரம்." எங்க டீக்கடைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்கு டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேன்: "25ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வாசல்ல நிப்பேன். லேட்டானா எவ்வளவு லேட்டுன்னு போன் பண்றேன்." அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "அப்ப வத்தக்குழம்பு வெச்சிரட்டுமா?" என்றாள்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. சென்னையில் 2022லேயே பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் பார்க்க ஒரு செயலி வந்துவிட்டது. ஆனால், எங்க ஸ்டாப்பில் இன்னும் அந்த டீக்கடைதான்.

25ஆம் தேதி பெட்டியோடு இறங்கியபோது மணி பத்து நாற்பது. நாற்பது நிமிஷம் லேட் என்று முன்னாலேயே போனில் சொல்லியிருந்தேன். டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பாய்லரை விட்டு அவர் கண்ணை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"லண்டன்லேர்ந்தா தம்பி? உங்கம்மா ஒம்போது மணிக்கே வந்து நின்னாங்க. நீங்க பத்து நாப்பதுக்குத்தான் வருவீங்களாமே. வீட்டுக்கு..."

"வீட்டுக்கு?"

"இப்பத்தான் போனாங்க!"